காரில் குளிர் வீசச் செய்தவர்

சித்திரை வெயில். நாகர்கோவிலில் இருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரிக்குக் காரில் போகிறீர்கள். இரு புறமும் வயல். எதிரே கடற்காற்று. ஆனாலும் காருக்குள் வியர்த்துக் கொட்டுகிறது. ஏசியைப் போடுகிறீர்கள். குளிர்ந்த காற்று வர வேண்டிய துவாரத்தில் இருந்து அனல் காற்று வருகிறது!

வடசேரியிலோ கோட்டாற்றிலோ உள்ள மெக்கானிக்கிடம் காரைக் கொண்டு போகிறீர்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். கேஸ் போய்விட்டது என்பார் அவர்.

அது என்ன கேஸ்? அது எங்கே போயிற்று? இந்த இரண்டு கேள்விகளுக்குள் ஒரு மனிதரின் வாழ்க்கை அடங்கி இருக்கிறது. அவர் பெயர் தாமஸ் மிட்ஜிலி. அமெரிக்கர். கார் வைத்திருப்போர் அவரால் இரண்டு முறை சுகம் பெற்றார்கள். உலகம் அவரால் இரண்டு முறை கேடு அடைந்தது. கடைசியில் அவர் செய்த யந்திரமே அவர் உயிரைக் குடித்தது!

கண்டு பிடிப்பாளர் குடும்பம்

மிட்ஜிலி 1889-ம் ஆண்டு மே மாதம் 18-ந் தேதி, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் உள்ள பீவர் பால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனாருக்கும் அதே பெயர்தான். அவர் டயர் சம்பந்தமாகப் பல புதுமைகள் செய்தவர். தாயின் தகப்பனாரும் ஒரு கண்டு பிடிப்பாளர். மரம் அறுக்கும் வாளுக்குக் கழற்றி மாற்றும் பல் வைத்தவர் அவர். எனவே சுத்தியலும் ஸ்பேனரும் புழங்கும் வீட்டில்தான் மிட்ஜிலி வளர்ந்தார்.

கார்னெல் பல்கலைக் கழகத்தில் யந்திர என்ஜினீயரிங் படித்து 1911-ல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. ஓகையோ மாகாணத்தில் உள்ள டேட்டன் நகரில் வேலைக்குப் போனார்.

1916-ம் ஆண்டில் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். அவர்தான் சார்லஸ் கெட்டரிங். கைப்பிடியைச் சுற்றிக் காரைக் கிளப்பிய காலம் போய், பொத்தானை அழுத்தினால் கார் கிளம்பும் காலம் வந்ததற்குக் காரணமானவர் அவர். அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் மிட்ஜிலி சேர்ந்தார்.

மிட்ஜிலி ரசாயனம் படித்தவர் அல்ல. ஆனால் பின்னால் அமெரிக்க ரசாயனச் சங்கத்துக்கே அவர் தலைவர் ஆனார்!

தட்டும் இஞ்சின்

கெட்டரிங் அவருக்குக் கொடுத்த ஒரு வேலை, ஒரு கோளாறைக் கண்டு பிடிப்பது. அந்தக் காலக் கார்கள் மேடு ஏறும்போது இஞ்சினுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் சத்தம் கேட்கும். பெட்ரோல் கண்ட நேரத்தில் வெடிப்பதால் வரும் சத்தம் அது. இஞ்சின் சூடாகும். பலம் குறையும். சில சமயம் பிஸ்டனே உடையும்.

இதற்கு என்ன மருந்து? குருவும் சீடரும் யோசித்தார்கள். பனி விலகும் முன்பே பூக்கும் ஒரு செடி அமெரிக்காவில் உண்டு. அதன் இலை சிவப்பாக இருக்கும். சிவப்பு நிறம் வெப்பத்தை இழுப்பதால்தான் செடி சீக்கிரம் பூக்கிறதோ? பெட்ரோலையும் சிவப்பாக்கினால் என்ன? இப்படி எண்ணினார்கள்.

மிட்ஜிலி சிவப்புச் சாயம் தேடினார். சாயம் கிடைக்கவில்லை. அயோடின்தான் கிடைத்தது. அதைக் கலந்தார். தட்டல் நின்றது! பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்தார். ஒன்றுகூடப் பலிக்கவில்லை. நிறத்துக்கும் தட்டலுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அயோடின் என்ற பொருள்தான் வேலை செய்திருக்கிறது.

அயோடின் விலை அதிகம். இஞ்சினையும் அரிக்கும். எனவே ஒவ்வொரு பொருளாகக் கலந்து பார்த்தார். ஆண்டுகள் ஓடின. 1921-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி, ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைச் சில துளி கலந்தார். இஞ்சின் பூனை போல் ஓடியது.

தெரிந்தே செய்தது

1923-ம் ஆண்டு பிப்ரவரியில் டேட்டன் நகரில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தில் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஈயம் என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை.

ஈயம் விஷம் என்பது புதுச் செய்தி அல்ல. பழைய ரோமாபுரிக் காலத்திலேயே அறிந்த செய்தி. மிட்ஜிலிக்கும் தெரியும். ஏனென்றால் அவருக்கே ஈய விஷம் ஏறியது! 1923-ம் ஆண்டின் தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு, புளோரிடாவுக்குப் போய் ஓய்வு எடுத்தார்.

1924-ம் ஆண்டு அக்டோபரில் பேரிடி விழுந்தது. நியூஜெர்சியில் அந்தத் திரவத்தைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலித்தது. 5 பேர் இறந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

பத்திரிகைக்காரர்கள் திரண்டார்கள். மிட்ஜிலி அவர்கள் முன் வந்தார். அந்தத் திரவத்தைத் தம் கைகளில் ஊற்றிக் கழுவினார். புட்டியை மூக்கின் அருகே பிடித்து ஒரு நிமிடம் முகர்ந்து காட்டினார். தினமும் இப்படிச் செய்தாலும் ஆபத்து இல்லை என்று சாதித்தார்.

அவர் உடம்பு அப்படிச் சொல்லவில்லை. அதை அவர் மறைத்தார். வியாபாரம் நடந்தது. உலகம் முழுவதும் கார்கள் ஈயப் புகையைக் கக்கின. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது என்று பிறகு டாக்டர்கள் நிலைநாட்டினார்கள். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டில்தான் நின்றது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. ஒரு மனிதர் கைகழுவிக் காட்டியதன் பலனைத் துடைக்க நூறு ஆண்டு ஆயிற்று!

குளிர்பெட்டி கொன்றது

இனி குளிர்ச்சியின் கதைக்கு வருவோம்.

குளிர் என்பதை யாரும் உண்டாக்க முடியாது. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டலாம். அவ்வளவுதான். கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறது அல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்பெட்டியிலும் இதேதான். ஒரு திரவம் குழாய்க்குள் ஆவியாகி வெப்பத்தை எடுக்கிறது. அதைக் கம்ப்ரசர் அழுத்துகிறது. வெளிப்பக்கக் குழாயில் அது வெப்பத்தைக் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகிறது. மறுபடி சுற்றுகிறது.

1920-களில் குளிர்பெட்டிகளில் என்ன வாயு இருந்தது தெரியுமா? அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மீத்தைல் குளோரைடு. மூன்றும் விஷம். குழாய் கசிந்தால் தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். சிக்காகோ நகரில் 1928, 1929 ஆகிய ஆண்டுகளில் மீத்தைல் குளோரைடு கசிந்து பலர் இறந்தார்கள். பயந்துபோய்ச் சிலர் குளிர்பெட்டியைக் கொல்லைப்புறத்தில் வைத்தார்கள்.

விஷம் இல்லாத, தீப்பிடிக்காத ஒரு வாயு வேண்டும் என்று 1928-ல் கெட்டரிங் தம் சீடரிடம் சொல்லி அனுப்பினார். மிட்ஜிலியும், ஹென்னி, மெக்னரி என்ற இரண்டு துணைவர்களும் மூலகங்களின் அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். மூன்றே நாளில் விடை கிடைத்தது. கரி, குளோரின், புளூரின் மூன்றும் சேர்ந்த பொருள் அது. பெல்ஜிய நாட்டு ரசாயன நிபுணர் சுவார்ட்ஸ் இந்த வகைப் பொருள்களை முன்பே தயாரித்தது உண்டு. ஆனால் அது குளிர்பெட்டிக்கு உதவும் என்று கண்டவர் மிட்ஜிலிதான்.

தப்பிய சீமைப் பெருச்சாளி

அந்த வாயுவைத் தயாரிக்க ஒரு மருந்துச் சரக்கு தேவைப்பட்டது. 5 புட்டி வாங்கினார்கள். ஒரு புட்டியை எடுத்து வாயு செய்து, கண்ணாடி மூடிக்குள் ஒரு சீமைப் பெருச்சாளியை வைத்து அதைச் செலுத்தினார்கள். பெருச்சாளி சுகமாக இருந்தது.

அடுத்த புட்டியில் செய்த வாயுவைச் செலுத்தியதும் பெருச்சாளி செத்தது! சோதித்தபோது உண்மை தெரிந்தது. அந்த 5 புட்டிகளில் முதல் புட்டி ஒன்றுதான் சுத்தமானது. மற்றவற்றில் ஈரம் கலந்து, பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுப் புகையை உண்டாக்கியது. கை தற்செயலாக நல்ல புட்டியின் மேல் விழுந்தது. வேறு புட்டியை முதலில் எடுத்திருந்தால், இது ஆகாது என்று அத்தனையையும் தூக்கி எறிந்திருப்பார்கள்.

1930-ம் ஆண்டு ஏப்ரலில் அட்லாண்டா நகரில் ரசாயனச் சங்கக் கூட்டம். மிட்ஜிலி மேடை ஏறினார். புதிய வாயுவை நெஞ்சு நிறைய இழுத்தார். எரியும் மெழுகுவர்த்தி மேல் மெதுவாக ஊதினார். சுடர் அணைந்தது. அவர் நின்றார்! விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்பதை ஒரே மூச்சில் காட்டிவிட்டார்.

அந்த வாயுவுக்கு பிரியான் என்று பெயர் வந்தது. மெக்கானிக்குகள் ஆர்-12 என்பார்கள். சுழியத்துக்கு 30 டிகிரி கீழேயே அது கொதித்து ஆவியாகும்.

காருக்குள் வந்தது

1939-ம் ஆண்டு நவம்பரில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில், பேக்கார்டு கம்பெனி ஏசி வைத்த காரைக் காட்டியது. கூடுதல் விலை 274 டாலர். குளிர்க் குழாய் பின் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாம் என்றால் இஞ்சினை நிறுத்தி, கீழே இறங்கி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். 1950-களில்தான் கார் ஏசி திருந்திய வடிவில் வந்தது.

அன்று முதல் இன்று வரை அடிப்படை ஒன்றுதான். இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் பதிக்க வேண்டும். பெட்ரோல் தீரும். கேஸ் தீராது. அது எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. ஒரே கேஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. கேஸ் குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

எனவே நல்ல மெக்கானிக் உடனே கேஸ் ஏற்ற மாட்டார். முதலில் இஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுவார். கம்ப்ரசர் கிளட்ச் டக்கென்று ஒட்டுகிறதா என்று பார்ப்பார். கேஸ் மிகவும் குறைந்திருந்தால் கம்ப்ரசர் கெடாமல் இருக்க, கிளட்ச் ஒட்டாதபடி ஒரு சுவிட்ச் தடுத்துவிடும். அடுத்து, கண்டன்சர் விசிறி சுற்றுகிறதா, கண்டன்சரில் சேறும் சருகும் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். காருக்கு முன்னால் வெப்பம் வெளியேறாவிட்டால் உள்ளே குளிர் வராது. பெரிய குழாய் தொட்டால் சில்லென்று இருந்தும் அனல் காற்று வந்தால், கோளாறு டாஷ்போர்டுக்குள் இருக்கிறது. சூட்டையும் குளிரையும் பிரிக்கும் தகடு சிக்கி இருக்கும். அப்போது கேஸைத் தொடவே வேண்டாம்.

பிறகு இரண்டு கேஜ்களை மாட்டி இரு பக்க அழுத்தத்தையும் படிப்பார். இரண்டும் குறைவாக இருந்தால் கசிவைத் தேடுவார். கேஸுடன் எண்ணெயும் ஓடுவதால், கசியும் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும். ஆர்-12 காலத்தில் கசிவு விளக்கு ஒன்று வைத்திருந்தார்கள். கேஸ் பட்டதும் அதன் சுடர் பச்சையாக மாறும்.

முட்டம், குளச்சல், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓடும் காருக்கு இன்னொரு பகைவனும் உண்டு. உப்புக் காற்று! கண்டன்சரின் அலுமினியத்தை அது அரித்து ஊசி முனை அளவு துளை போடும். ஓட்டையை அடைத்து, வாக்குவம் பம்பு வைத்துக் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, பானெட்டின் கீழ் எழுதி இருக்கும் கிராம் கணக்குப்படி கேஸ் ஏற்ற வேண்டும். அதுதான் பழுது பார்ப்பது. ஓட்டையை விட்டுவிட்டு ஆண்டுதோறும் கேஸ் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது!

கட்டிலில் கயிறு

மிட்ஜிலிக்குப் பதக்கங்கள் குவிந்தன. 1941-ல் அமெரிக்க ரசாயனச் சங்கம் தன் பெரிய விருதான பிரீஸ்ட்லி பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது.

ஆனால் அப்போது அவர் நடக்க முடியாதவர். 1940-ல், தமது 51-வது வயதில், இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. கால்கள் செயல் இழந்தன. பிறர் தூக்கிவிடுவதை அவர் விரும்பவில்லை. கட்டிலுக்கு மேலே கப்பிகளையும் கயிறுகளையும் பொருத்தி, தாமே எழுந்து உட்கார ஒரு சாதனம் செய்தார்.

1944-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, ஓகையோவில் உள்ள வொர்திங்டனில் தம் வீட்டில் அவர் இறந்து கிடந்தார். அந்தக் கயிறுகள் அவர் கழுத்தை இறுக்கி இருந்தன. வயது 55. அந்த ஆண்டு அவர்தான் ரசாயனச் சங்கத் தலைவர்.

கேஸ் எங்கே போயிற்று?

மிட்ஜிலி இறந்த அதே நவம்பர் மாதத்தில் ராமநாதன் என்ற தமிழர் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் என்ஜினீயரிங் படித்து 1965-ல் பட்டம் பெற்றார். செகந்திராபாத்தில் ஒரு குளிர்பெட்டிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. என்ன வேலை? பெட்டியில் இருந்து கேஸ் ஏன் கசிகிறது என்று கண்டு பிடிப்பது! சலித்துப் போய் மேல் படிப்புக்குப் போனார். அமெரிக்கா சென்றார். 1975-ல் அதே கேஸ் பற்றி ஒரு உண்மையை வெளியிட்டார். வெளியேறிய அந்த வாயு, பூமியின் வெப்பத்தைப் போர்வை போல் பிடித்து வைக்கிறது. ஒரே எடை கரியமில வாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு!

அதற்கு முந்திய ஆண்டில், மோலினா, ரோலண்டு என்ற இருவர் இன்னொன்றைச் சொல்லி இருந்தார்கள். இந்த வாயு கீழே எதிலும் கரைவதில்லை, எதனோடும் சேர்வதில்லை. மெல்ல மெல்ல வானத்தின் உயரத்துக்குப் போகிறது. அங்கே சூரியனின் கடுங்கதிர் பட்டு உடைந்து குளோரினை விடுகிறது. அந்தக் குளோரின் ஓசோன் போர்வையைத் தின்கிறது. 1985-ல் தென் துருவத்தின் மேலே ஓசோன் மிகவும் மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். 1987-ல் மாண்ட்ரீல் நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. தமிழ்நாட்டில் மேட்டூரிலும் இந்த வகை வாயு தயாரானது உண்டு. இந்தியா 2008-ம் ஆண்டு ஆகஸ்டில் அதன் உற்பத்தியை நிறுத்தியது. ஓசோன் போர்வை இப்போது மெல்ல மெல்லத் தேறி வருகிறது.

இதற்காக மிட்ஜிலியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? பாகுபாடு செய்து பார்க்க வேண்டும். ஓசோனை அளக்கும் கருவி அந்த நாளில் கொடைக்கானல் உள்பட உலகில் சில இடங்களிலேயே இருந்தது. பிரியான் அதைத் தொடும் என்று 1930-ல் ஒருவருக்கும் தெரியாது. விஷ வாயுவில் இருந்து பல உயிர்களை அவர் காப்பாற்றினார். அது தெரியாமல் வந்த கேடு. ஈயம் அப்படி அல்ல. அது தெரிந்தே செய்தது. இரண்டும் ஒரே கை செய்த வேலைதான். ஆனால் ஒரே தராசில் நிற்காது.

நமக்கு அந்தச் சாக்கு இல்லை. 1990-களில் கார்களுக்கு ஆர்-134ஏ என்ற வேறு கேஸ் வந்தது. அது ஓசோனைத் தொடாது. ஆனால் அதுவும் பூமியைச் சூடாக்கும். ஒரு காரில் உள்ள அரைக் கிலோ கேஸைக் காற்றில் விட்டால், சுமார் 700 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் பிடிக்கும் யந்திரம் வந்துவிட்டது. ஓட்டையைக் காட்டும் கருவியும் உண்டு.

கேஸ் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னால், எங்கே போயிற்று என்று கேளுங்கள். மிட்ஜிலி வாழ்ந்த காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. நாஞ்சில் நாட்டுப் பட்டறையில் இன்று அதைக் கேட்கலாம். ஓட்டையைக் கண்டு அடைக்கும் வரை காரை எடுக்காதீர்கள். காசும் மிஞ்சும். வானமும் மிஞ்சும்.